அரங்கு, வீதி, பட்டிமண்டபம்: மெல்பேர்ண் நகரின் இலையுதிர்கால விழாக்களும் தமிழ்க் கலைத் திறனாய்வும்

1. முன்னுரை

சிலப்பதிகாரமும் மணிமேகலையும் காட்டும் இந்திரவிழா சித்திரையில் நிகழ்ந்தது. புகாரில் அது இளவேனிற் பொழுது. மெல்பேர்ணில் சித்திரை பிறக்கும்போது இலையுதிர்காலம் பாதி கடந்திருக்கும். தொல்காப்பியம் கூறும் ஆறு பெரும்பொழுதுகளில் இலையுதிர்காலம் என ஒன்றில்லை. இந்நிலத்தின் ஆதிக்குடிகளான கூலின் மக்கள் ஆண்டை ஏழு பருவங்களாகப் பகுப்பர், அவற்றிலும் இல்லை. மார்ச் மாதம் அவர்களுக்கு விலாங்குகள் கடல்நோக்கிச் செல்லும் பருவம். இங்கு நிறம்மாறி உதிரும் எல்ம், பிளேன் மரங்கள் ஐரோப்பியர் கொண்டுவந்து நட்டவை. மார்ச் முதல் மே வரையான மூன்று மாதங்களை இலையுதிர்காலம் என்று அழைப்பதே குடியேறியோர் வழக்காகும்.

மெல்பேர்ணில் இம்மாதங்கள் விழாக்காலமுமாகும். நகராட்சிகளின் பல்பண்பாட்டு விழாக்களில் தமிழருக்கும் இடம் தரப்படுகிறது. அந்த இடம் எத்தகையது என்பதே இக்கட்டுரையின் வினா. மேடை கிடைப்பதாலும் கூட்டம் கூடுவதாலும் மட்டும் ஒரு கலை நகரத்தில் இடம்பெற்றதாகிவிடாது. அதனை அறிந்தோர் அதனை மதிப்பிட்டுப் பேசும் அவையும் உடன் அமைதல் வேண்டும் என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2. இந்திரவிழாவும் அதன் அவையும்

மணிமேகலையின் முதற் காதையாகிய விழாவறை காதையில், முரசறைவோன் 28 நாள் விழாவை அறிவிக்கிறான். வீதிகளில் புதுமணல் பரப்புமாறும் தோரணம் கட்டுமாறும் கூறுகிறான். பல சமயங்களைச் சேர்ந்த வாதிகளைப் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுமாறு அழைக்கிறான். பகைவரோடும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுமாறு அறிவுறுத்துகிறான். வீதி அலங்காரத்தோடு கருத்துமோதலும் விழாவின் உறுப்பாக அறிவிக்கப்படுகிறது. அம்மோதல் பகையாக மாறாதிருக்க வழியும் கூறப்படுகிறது.

கலைக்குரிய அளவுகோல்களைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தருகிறது. மாதவியின் அரங்கேற்றம் இந்திரவிழாவுக்கு முந்திய, தனியான நிகழ்வு. எனினும் அந்நகரத்தின் கலைநோக்கை அறிய அக்காதை இன்றியமையாதது. ஆடலாசான், இசையோன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை வரிசையாகக் கூறப்படுகின்றன. அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அளவு தரப்படுகிறது. மாதவி பெற்ற மாலையின் மதிப்பு 1008 கழஞ்சு பொன். அப்பரிசு கிடைப்பதற்கு முன்பே, அதற்கு உரியது எது என்பது அந்த அவைக்குத் தெரிந்திருந்தது.

'புலம்பெயர்' என்று நாம் நம்மைக் குறிக்கும் சொல்லை, கடல்வழி வந்து புகாரில் கலந்து வாழ்ந்த அயல்நாட்டினரைக் குறிக்கச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூர் எடுத்த காதை ஆள்கிறது. அன்று அச்சொல் நம் நகருக்கு வந்தவரைச் சுட்டியது. இன்று பிறர் நகரில் வாழும் நம்மைச் சுட்டுகிறது.

3. ஊர்வலமும் விமரிசனமும்

மெல்பேர்ணின் இலையுதிர்கால விழாக்களுள் பழையது மூம்பா. 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இவ்விழா, மார்ச் மாதத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி யாரா ஆற்றங்கரையில் நடைபெறுகிறது. 1856இல் இந்நகரக் கல்தச்சர்கள் எட்டுமணிநேர வேலைநாளை வென்றெடுத்ததன் நினைவாக நிகழ்ந்துவந்த தொழிலாளர் ஊர்வலத்தின் இடத்தை மூம்பா ஊர்வலம் பிடித்துக்கொண்டது. 'மூம்பா' ஓர் ஆதிக்குடிச் சொல் என்றும், ஒன்றுகூடி மகிழ்வோம் என்பது அதன் பொருள் என்றும் நெடுங்காலம் பரப்பப்பட்டது. மொழியியலாளர் அப்பொருளை ஏற்பதில்லை. அது விழாக்காரருக்குத் தெரியாத ஓர் எள்ளற் சொல் என்பர். அம்மொழி அறிந்தோர் அவையில் இல்லாதபோது ஒரு சொல் நகரத்தின் அலங்காரமாகிவிடுகிறது. நம் கலைகளுக்கும் அது நேரலாம்.

இதே பருவத்தில் 1987 முதல் மெல்பேர்ண் சர்வதேச நகைச்சுவை விழா நடைபெற்று வருகிறது. அங்கே நிகழ்ச்சிகளை நாளேடுகள் விமரிசிக்கின்றன, நட்சத்திரப் புள்ளியிடுகின்றன, குறை கூறுகின்றன. ஒரே நகரத்தில், ஒரே பருவத்தில், ஒரு விழாவில் கலைஞர் மதிப்பிடப்படுகிறார், மற்றொன்றில் காட்சிப்படுத்தப்படுகிறார். தமிழ்மொழியும் தமிழ்ப் பயில்கலைகளும் பெரும்பாலும் இரண்டாம் வகை மேடைகளிலேயே நிற்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகர விழாவுக்காக வடமோடிக் கூத்தின் ஒரு பகுதியை ஆயத்தம் செய்தோருக்கு நான் துணைநின்றேன். 12 நிமிடம் தரப்பட்டது. மேடை உணவுக்கடைகளுக்கு நடுவே இருந்தது. வரவு ஆட்டம் முடிந்ததும் நேரமும் முடிந்தது. அறிவிப்பாளர் எங்கள் உடைகளின் வண்ணத்தைப் பாராட்டினார். எவரும் எம்மை அவமதிக்கவில்லை. ஆனால் ஆடியவர் தாளம் பிசகினாரா என்று கேட்க அங்கு ஒருவரும் இல்லை.

கூத்தைச் சுருக்குவதே தவறு என்று நான் கருதவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றியபோது, விடியவிடிய ஆடப்பட்ட கூத்து சில மணிநேரத்துக்குச் சுருங்கியது. சுருக்கத்தில் எது காக்கப்பட்டது, எது இழக்கப்பட்டது என்பது ஈழத்து அரங்கியலில் இன்றுவரை பேசப்படும் பொருள். நாங்கள் 12 நிமிடமாக்கியதைப் பற்றி ஒரு வரியும் எழுதப்படவில்லை.

4. எமது மேடைகள்

இக்குறையை நகராட்சிகள் மீது மட்டும் சுமத்துதல் நேர்மையன்று. நாமே நடத்தும் கலைவிழாக்களிலும் அவை இல்லை. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை, நன்றியுரை ஆகியவற்றுக்கு இடையே கலை நிகழ்கிறது. மறுவாரம் வெளிவரும் குறிப்பில் எல்லாரும் சிறப்பாகச் செய்திருப்பர். நானும் அத்தகைய குறிப்புகளை எழுதியவனே.

பொயிண்ட் குக்கில் ஒரு மண்டபத்தில், இங்கேயே பிறந்து வளர்ந்த இளம் நர்த்தகி ஒருவர் நிகழ்ச்சி முடிந்தபின் என்னிடம் வந்தார். "எல்லாரும் நல்லாயிருந்தது எண்டு சொல்லினம், அங்கிள். எது சரியில்லை எண்டு ஆரும் சொல்ல மாட்டினமோ?" என்று கேட்டார். அவருடைய வர்ணத்தில் தாளச் சுத்தம் இருந்தது. பாடற்பொருள் முகத்தில் வரவில்லை. அது எனக்குத் தெரிந்திருந்தது. "நல்லாய்த்தான் இருந்தது, பிள்ளை" என்றேன். அவர் இப்போது ஆங்கில நடனக் குழுவொன்றில் பயில்கிறார். அதற்கு என் விடைதான் காரணம் என்று கூறமாட்டேன். ஆனால் அவர் கேட்டதை அவருக்குத் தரக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

5. ஒரு நாடகமும் எழுதப்படாத விமரிசனமும்

ச. சக்திதரனின் 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' மேற்கண்ட பாகுபாட்டை உடைத்த படைப்பு. ஏமன் ஃப்ளாக்கின் நெறியாள்கையில் 2019 சனவரியில் சிட்னி விழாவிலும், அவ்வாண்டு மார்ச்சில் அடிலெய்ட் விழாவிலும் மேடையேறியது. 2020இல் விக்டோரிய இலக்கியப் பரிசைப் பெற்றது. எடின்பரோ சென்று, 2024இல் இலையுதிர்காலம் முடிந்து குளிர் தொடங்கும் நாள்களில் ரைசிங் விழாவின் பகுதியாக மெல்பேர்ணுக்கு வந்தது. ஒரு தமிழ்க் குடும்பத்தின் நான்கு தலைமுறைகளை மூன்று மணிநேரத்துக்கும் மேலாகச் சொல்லும் இந்நாடகம், சிட்னியின் ஜோர்ஜஸ் ஆற்றில் தாயின் அஸ்தியைக் கரைக்கும் சடங்கோடு தொடங்குகிறது.

இதில் தமிழும் சிங்களமும் பேசப்படும்போது, மேடையிலிருக்கும் வேறொரு நடிகர் அதனை ஆங்கிலத்தில் சொல்கிறார். இது இந்நாடகத்தின் பெரும்பேறு. தமிழ் இங்கே பின்னணி ஓசையாகக் குறையவில்லை. அதனைப் புரிந்துகொள்ள ஆங்கிலப் பார்வையாளர் காத்திருக்கின்றனர். தமிழறிந்தவரோ ஒவ்வோர் உரையாடலையும் இருமுறை கேட்கிறார். அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அவருக்கு மட்டுமே தெரியும். யாழ்ப்பாணத் தமிழின் நீ, நீர், நீங்கள் என்னும் மூன்று படிகளும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடுகின்றன. கணவன் மனைவியை 'நீர்' என விளிப்பதிலுள்ள நெருக்கமும் மதிப்பும் மொழிபெயர்ப்பில் நிற்பதில்லை. நாயகி இராதையின் பாட்டனாராகக் கன்னட நடிகர் பிரகாஷ் பெலவாடி நடித்தார்; ஷோபாசக்தி என நாம் அறியும் அந்தோனிதாசன் யேசுதாசனும் நடிகர் குழுவில் இருந்தார். வெவ்வேறு ஊர்களின் தமிழ் ஒரே குடும்பத்தின் தமிழாக இசைந்ததா? ஆங்கில விமரிசகர் இவ்வினாவை எழுப்ப இயலாது.

நாடகத்தின் எல்லையையும் சுட்ட வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினராகவும் கணிதப் பேராசிரியராகவும் விளங்கிய செ. சுந்தரலிங்கம் நாடகாசிரியரின் பூட்டனார். ஆதலால் 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் முதலாகப் பின்வந்தவை கொழும்பின் மேல்தட்டு வீடொன்றின் சாளரம் வழியே காணப்படுகின்றன. தலைகளை எண்ணும் சனநாயகம் தலைகளை உடைப்பதாக மாறும் கதையை அச்சாளரம் தெளிவாகக் காட்டுகிறது. வடக்கின் வயலையும் முகாமையும் அவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. சக்திதரனும் ஃப்ளாக்கும் இணைந்து எழுதிய 'த ஜங்கிள் அண்ட் த சீ' (2022) போர்நிலத்துக்குள்ளேயே சென்றது. இவ்விரு நாடகங்களையும் ஒப்புநோக்கும் விரிவான விமரிசனம் தமிழில் எழுதப்பட வேண்டும். நான் படித்த தமிழ்க் குறிப்புகளில் பெரும்பாலானவை, நம்மவர் ஒருவர் வென்றார் என்ற மகிழ்ச்சியோடு நின்றுவிட்டன.

6. முடிவுரை

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 1983க்குப் பின் எல்லாம் இழந்து வந்த சமூகத்துக்கு விழா என்பது கூடிவாழும் வழி. வேலைமுடிந்த இரவுகளில் ஒத்திகை பார்த்தவரிடம் குறைசொல்வது கொடுமை என்பர். முதல் தலைமுறைக்கு அது பொருந்தும். அந்த மேடைகள் இல்லாவிடின் மொழியே எஞ்சியிராது. ஆனால் அம்மேடைகளில் வளர்ந்தோர் இப்போது கலைஞராக நிற்கின்றனர். அவர்களைக் குழந்தைகளைப்போல் பாராட்டிக்கொண்டிருப்பது மரியாதையன்று.

தேவைப்படுவது பெரிதன்று. விழாக்குழு பொன்னாடைக்கு ஒதுக்கும் நேரத்தை நிகழ்ச்சிக்குப் பிந்திய உரையாடலுக்குத் தரலாம். ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு விமரிசகரை அழைத்து, ஊதியம் கொடுத்து, தமிழில் எழுதச் செய்யலாம். பல்கலைக்கழகங்களில் தமிழியல் ஆய்வோர் பழைய அரங்கை ஆராய்வதோடு தம் நகரத்து மேடையையும் பார்க்கலாம்.

சோழமன்னன் மகனை இழந்த துயரில் விழாவை மறந்தான் என்றும், புகாரைக் கடல் கொண்டது என்றும் மணிமேகலை கூறும். நாம் விழாவை மறக்கவில்லை. ஆண்டுதோறும் விழாக்கள் பெருகுகின்றன. முரசறைவோன் கூறியவற்றுள் வீதியையும் மேடையையும் வைத்துக்கொண்டு பட்டிமண்டபத்தை விட்டுவிட்டோம். வரும் சித்திரையில் பொயிண்ட் குக் மண்டபத்தில் நிகழ்ச்சி முடிந்தபின் ஒருமணிநேரம் கதிரைகளை எடுக்காமல் விடும்படி ஏற்பாட்டாளரிடம் கேட்டிருக்கிறேன். அந்த இளம் நர்த்தகி வருவாராயின், அன்று சொல்லாததைச் சொல்வேன்.