எட்டுக் கம்பியும் விருந்தாளிகளும்

கியூபாவின் 'சோன்' இசையைப் பழம்பொருளாகப் போற்றுகிறவர்களுக்கு அதன் வரலாறு கொஞ்சம் சங்கடம் தரும். அது எந்தக் காலத்திலும் இருந்தபடி இருந்ததில்லை. கிழக்குக் கியூபாவின் கிராமங்களிலிருந்து ஹவானாவுக்கு வந்தது. 1920களில் ட்ரம்பெட்டைச் சேர்த்துக்கொண்டது. 1940களில் ஆர்செனியோ ரொத்ரிகெஸ் பியானோவையும் காங்கா முரசையும் கொண்டுவந்து குழுவையே பெரிதாக்கினார். இன்று மரபு என்று கும்பிடுவதெல்லாம் ஒருநாள் புதுசாக வந்திறங்கியவைதான். ஆகவே, பாடகர் எலியாதெஸ் ஒச்சோவா சோனை மாற்றினார் என்று குறைப்பட ஒன்றுமில்லை. எந்த இடத்தில் கைவைத்தார் என்று பார்ப்போம்.

1946இல் சாந்தியாகோ நகரையொட்டிய சோங்கோ லா மாயாவில் பிறந்தவர் ஒச்சோவா. 1978இல் 'குவார்த்தெத்தோ பாத்ரியா' என்ற பழைய குழுவுக்குத் தலைமை ஏற்றபோது, புதிய இசைக்கூறுகளைச் சேர்க்கத் தனக்கு உரிமை வேண்டும் என்று கேட்டுத்தான் உள்ளே வந்தார். அவருடைய ஆகச் சிறந்த புதுமை கையிலிருக்கும் கிட்டாரிலேயே இருக்கிறது. சோனின் உயிர்வாத்தியமான 'த்ரெஸ்' மூன்று இரட்டைக் கம்பிகள் கொண்டது. அதன் கணீரென்ற ஒலி அந்த இரட்டையிலிருந்து வருவது. ஒச்சோவா தன் ஆறு கம்பிக் கிட்டாரில் இரண்டைக் கூட்டி எட்டாக்கிக்கொண்டார். த்ரெஸின் மினுக்கும் கிட்டாரின் நிறைவும் ஒரே கைக்குள் வந்துவிட்டன. இதற்கும் முன்னோடி உண்டு. மூத்தவர் கொம்பாய் செகுந்தோ ஏழு கம்பியில் 'அர்மோனிகோ' என்ற வாத்தியத்தையே உருவாக்கியவர்.

அந்த மூத்தவரின் 'சான் சான்' பாடலை, 1996இல் ஹவானாவில் பதிவான 'புவெனா விஸ்தா சோஷியல் கிளப்' தொகுப்பில் ஒச்சோவா முன்னின்று பாடுகிறார். நான்கே சுரக்கூட்டுகள் திரும்பத் திரும்பச் சுழல்கின்றன. டபுள் பேஸ் தாள அடிக்குக் காத்திராமல் ஒரு கணம் முந்தி விழுகிறது. கேட்பவரின் உடம்பு தானாக முன்சாய்கிறது. குரலோ வறண்டது, மூக்கொலி கலந்தது. குழைவும் ஜோடனையும் இல்லாமல் சேதி சொல்வதுபோல் போகிறது. ஒலிப்பதிவு நவீனம், குரல் நாட்டுப்புறம். ஒன்று மற்றதைத் திருத்தப் பார்க்கவில்லை.

அந்த 1996 பதிவுக்கு முதலில் போட்ட திட்டம் வேறு: மாலி நாட்டுக் கலைஞர்களும் கியூபக் கலைஞர்களும் சேர்ந்து வாசிப்பது. மாலிக்காரர்கள் வந்து சேரவில்லை. விட்டுப்போன அந்தச் சந்திப்பு 2010இல் 'ஆப்ரோகியூபிசம்' தொகுப்பாக நிறைவேறியது. மாலிக் கலைஞர் துமானி தியாபத்தேயின் இருபத்தொரு கம்பிக் கோராவும் ஒச்சோவாவின் கிட்டாரும் அங்கே அந்நியமாக ஒலிக்கவில்லை. இரண்டு மரபுமே மீட்டிய சிறு வட்டத்தை மீண்டும் மீண்டும் சுற்றி நுணுக்கம் காட்டுபவை. ஒன்றின் இடைவெளியில் மற்றது போய் உட்காருகிறது.

2023இல் வந்த ஒச்சோவாவின் 'குவாஹிரோ' தொகுப்பில்தான் எனக்கு இடறுகிறது. சோனில் முதற்பகுதி கதை சொல்லும். பிறகு 'மொந்துனோ' வரும். குழு ஒரு வரியைப் பிடித்துக்கொள்ள, பாடகர் அதற்கு மறுமொழியாக நினைத்த நேரத்தில் நினைத்ததைக் கட்டிப் பாடுவார். பாட்டின் உயிர் அங்கேதான். ரூபென் பிளேட்ஸ் சேர்ந்து பாடும் பாடலில் அந்த உயிர் இருக்கிறது; அவர் வளர்த்த சல்சாவுக்கே வேர் சோன்தானே! ஜோன் வாஸருடன் பாடுவதில் இரண்டு நல்ல குரல்கள் அருகருகே நிற்கின்றன, ஒன்றையொன்று சீண்டவில்லை. சார்லி மசல்வைட்டின் மௌத் ஆர்கன் சேரும் வாத்திய இசை, குதிரைக்காரர் படத்துக்குப் பின்னணிபோல் விரிகிறது. ஒச்சோவாவின் கறுப்புத் தொப்பிக்குப் பொருத்தமான காட்சிதான்; ஆனால் சோன் அங்கே ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறது. விருந்தாளிக்கு இடம்விட்டு ஒதுங்குவது பண்பு. வீட்டுக்காரரே திண்ணைக்குப் போய்விட்டால் அது யார் வீடு?

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. ஒச்சோவா பாத்ரியாவை ஏற்ற அதே 1978இல், அதே சாந்தியாகோவில், அடல்பெர்த்தோ ஆல்வரெஸ் 'சோன் 14' குழுவைத் தொடங்கினார். பித்தளைக் குழல்களைச் சேர்த்து, பியானோவை முன்னுக்குத் தள்ளி, கியூப இளைஞர்கள் ஆடும் தளத்துக்கே சோனைக் கொண்டுபோனார். ஒச்சோவாவின் பாதை உலக அரங்குகளில் அமர்ந்து கேட்பவர்களை நோக்கிப் போனது. புவெனா விஸ்தாவின் வெற்றி கிழக்கத்திய சோனுக்கு உலகமெங்கும் காது தேடித் தந்தது உண்மை; ஆடவேண்டிய இசையை நினைவுப் படமாக்கிச் சட்டத்தில் மாட்டியதும் அதே வெற்றிதான்.

கூட்டிக் கழித்தால், ஒச்சோவாவின் புதுமை எங்கே வலுத்தது, எங்கே தளர்ந்தது என்பது தெரிகிறது. விருந்தாளியின் பெயர் உறையில் வரும். அடுத்த தொகுப்பில் வேறு பெயர் வரும். கூட்டிய இரண்டு கம்பிகளோ எந்த உறையிலும் இல்லை. ஆனால் அவர் தொடும் ஒவ்வொரு பாட்டிலும் ஒலிக்கின்றன.