காட்சியும் களனும்

ஆங்கிலத்தில் 'சீன்', 'சீனரி' என்னும் இரு சொற்களும் ஒரு வேரின. கிரேக்க அரங்கின் பின்புறத்தே நடிகர் உடைமாற்றுதற்கு அமைந்த குடிலின் பெயரே அவ்வேர். 'சீன்' என்பது வினை நிகழும் இடத்தையும் நாடகத்தின் ஒரு பகுதியையும் குறிக்கும். 'சீனரி' என்பதோ அரங்கின் ஓவியத் திரைகளையும் கண்ணுக்கினிய நிலத்தோற்றத்தையும் குறிக்கும். முன்னதை ஒன்று, இரண்டு என எண்ணலாம். பின்னதை எண்ணுதல் மரபன்று.

நாமோ இரண்டனையும் 'காட்சி' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டோம். 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் அங்கம், களம் என்றே பகுக்கப்பட்டது. பின்வந்த நாடக நூலார் பலர் களத்தை விடுத்துக் காட்சியைக் கொண்டனர். இதனால் நேர்ந்த இழப்பு நாடகத்தோடு நின்றிலது. சங்கச் செய்யுளில் மலை வரின், உடனே 'இயற்கைக் காட்சி' எனத் தலைப்பிடும் வழக்கம் நம் ஆய்வேடுகளிற் புகுந்துவிட்டது.

தகடூர் எனப்பட்ட இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஒளவையார் பாடிய பாடல்களுள் இரண்டனை ஈண்டு நோக்குவோம். புறநானூற்று 91-ஆம் பாட்டில் நெல்லிக்கனி கிடைத்த மலைப்பிளவு கூறப்படுகின்றது. அது கண்டு மகிழ்தற்குரிய தோற்றமன்று, ஏறற்கரிய இடம். அவ்வருமையே கொடையின் அளவுகோல். மலையை வருணனை என ஒதுக்கின் கனியின் விலை குறைந்துபோம். 95-ஆம் பாட்டில் மலையும் இல்லை, மரமும் இல்லை. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று, அங்குள்ளவற்றை 'இவை' என்றும், கொல்லன் பட்டறையில் முறிந்து கிடக்கும் அஞ்சியின் வேல்களை 'அவை' என்றும் சுட்டுகின்றார் புலவர். அவ்விரு சுட்டுகளும், கேட்டு நிற்கும் தொண்டைமானும் இன்றேல் அங்கதம் இல்லை. நிலத்தோற்றம் அறவே இல்லாத இப்பாட்டில் களன் முழுமையாக உண்டு. தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளுள் களனைத் தனியே எண்ணியதன் நுட்பம் இத்தகைய பாடல்களால் விளங்கும்.

ஏட்டில் நாம் மறந்ததைத் தருமபுரி வட்டாரத் தெருக்கூத்துக் கலைஞர் மறந்திலர். அவர்தம் ஆடரங்கில் கானெழுதிய திரை இல்லை. இருவர் பிடிக்கும் துணி ஒன்றே உண்டு. அது விலகியதும், பாட்டே அவ்விடத்தைக் காடாகவும் அரசவையாகவும் ஆக்கிவிடும்.

கம்பரின் நாட்டுப்படலம் போன்ற இடங்களில் நிலத்தோற்றமே பொருளாதலை மறுக்கின்றோம் அல்லேம். ஆயினும் 'சீன்' என்பதற்குக் களம் எனவும், 'சீனரி' என்பதற்கு இடம் நோக்கி நிலத்தோற்றம் அல்லது எழுதுதிரை எனவும் வழங்குதலே தக்கது என்பது எம் கருத்து.