சாலைக் கடைத்தெருவில் மெடான்

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலை இந்த மழைக்காலத்தில் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து மூன்றாம் முறை வாசித்தேன். எதிரி பிடித்த ஊரின் கதை என்றால் பறிகொடுத்தவனின் புலம்பலை எதிர்பார்ப்போம். இதில் அது இல்லை. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை சுமத்ராவின் மெடானுக்குள் வருகிறது. டச்சுக்காரன் போகிறான், ஜப்பான்காரன் வருகிறான். செட்டியார் வட்டிக்கடைக்குப் பிழைக்க வந்த பாண்டியனுக்கு இருவரும் அந்நியர்தான். ஊரும் அவனுடையதல்ல. அந்த ஒட்டாத கண்ணுக்கு எல்லாமே துலக்கமாகத் தெரிகிறது.

கொள்ளையடித்தவர்களின் தலைகளை வெட்டிக் காட்சிக்கு வைக்கிறார்கள். பார்க்கக் கூட்டம் கூடுகிறது. சிங்காரம் குரலை உயர்த்துவதே இல்லை. கடைத்தெருவில் கண்டதைச் சொல்லும் அதே நிதானம். எனக்குத்தான் புத்தகத்தைச் சற்று மூடி வைக்கவேண்டியிருந்தது.

மலாய்ச் சொல், டச்சுத் தெருப்பெயர், செட்டிநாட்டுப் பேச்சு, பழந்தமிழ்ப் பாட்டின் சாயல் எல்லாம் இந்த நடையில் கலந்து ஓடுகின்றன. வெளியூர் வாசகர் இதில் திணறலாம். இங்குள்ள தமிழருக்கு அந்தச் சிரமம் இராது. சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே, மலையாளம் கலந்த அந்தத் தெருவின் தமிழைக் கதையாக்கிய ஆ. மாதவனின் ஊர் அல்லவா இது!

தொங்கான் என்னும் சரக்குத் தோணியில் பினாங்குக்குப் போகும் வழியில் புயல் அடிக்கும் பக்கங்களை வாய்விட்டே படிக்கவேண்டும். வாக்கியம் முறிகிறது, வினைச்சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதுகின்றன. கப்பித்தானின் அதட்டல் மட்டும் நிலையாக நிற்கிறது. தமிழில் இதற்கு இணையான கடலை நான் வாசித்ததில்லை. பினாங்கு நண்பர்களின் மதுக்கடை விவாதங்கள் நீளம் என்று முன்பெல்லாம் தாண்டிப் போயிருக்கிறேன். அது என் அவசரம். சொந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்குப் பேச்சுதான் வீடு.

பாண்டியன் நேதாஜியின் படையில் சேரும் இடத்தில் வக்கம் காதர் நினைவுக்கு வந்தார். இந்த மாவட்டத்து வக்கத்தில் பிறந்து மலேயா போனவர். பினாங்கில் பயிற்சி பெற்று, நீர்மூழ்கியில் மலபார்க் கரைக்கு வந்து பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். பாண்டியன் கற்பனை, அவன் நடந்த பினாங்கு கற்பனையல்ல.

மெடானில் வாழ்ந்து, 1946இல் ஊர் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தவர் சிங்காரம். 1962இல் எழுதி முடித்த இந்த நாவல் அச்சேறியது 1972இல். அதன்பின் 1997இல் மறையும்வரை அவர் வேறு நாவல் எழுதவில்லை.