இஸ்திரி வண்டி அண்ணனும் இரண்டு பழைய படங்களும்

வீடியோ எடுக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை வந்தது நாற்பது தாண்டிய பிறகுதான். யூடியூபில் பாடம் நடத்துகிறவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைச் சொல்கிறார்கள்: உங்கள் தெருவில் இருக்கும் யாராவது ஒருவரைப் பற்றி ஐந்து நிமிட ஆவணப்படம் எடுங்கள். நல்ல யோசனைதான். நடிகர் வேண்டாம், செட் வேண்டாம், சொதப்பினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இப்படித்தான் நினைத்தேன். நஷ்டம் எனக்கில்லையே தவிர, படத்தில் வருகிறவருக்கு உண்டு என்பது அப்போது தெரியவில்லை.

எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணனைத் தேர்ந்தெடுத்தேன். சாஃப்ட்வேர்காரன் புத்தி, முதலில் எக்செல் திறந்தேன். பதினாலு கேள்விகள். கரி விலை ஏறிவிட்டதா, உடம்பு வலிக்கிறதா, பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவார்களா, வாஷிங் மெஷின் வந்தபிறகு எப்படி. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்திலேயே எந்த ஷாட் என்றும் எழுதிவைத்தேன். ஆறு நிமிடப் படம் வந்தது. ஆரம்பத்தில் ஸ்லோமோஷனில் புகை, கீழே வயலின்.

போனில் போட்டுக் காட்டினேன். முழுதாகப் பார்த்தார்.

“நல்லாத்தான் சார் இருக்கு. எனக்கு ஏதோ ஆயிட்டாப்புல இருக்கே?”

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார். “செத்தவங்களுக்குப் போடுற படம் மாதிரி இருக்கு.”

நியாயமான விமர்சனம். இதைவிடச் சுருக்கமாக என்னால் எழுத முடியாது. அந்த ஆறு நிமிடத்தில் அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்டதற்கெல்லாம் உண்மையான பதில்தான் சொன்னார். ஆனால் பதினாலு கேள்வியும் ஒரே திசையில் ஓடுகிற கேள்விகள். ‘அழிந்துவரும் தொழில்’ என்ற முடிவை நான் கேமராவை எடுக்கும் முன்பே எழுதிவிட்டேன். அவர் வந்து கையெழுத்து மட்டும் போட்டார்.

இந்தக் கோளாறு என்னோடு தொடங்கியதா என்று பார்க்க இரண்டு பழைய படங்களைத் திரும்பப் பார்த்தேன். இரண்டும் கம்பெனிக் காசோடு தொடர்புள்ளவை. இரண்டும் சாதாரண ஜனங்களைப் பற்றியவை.

முதலாவது ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’, 1935. எட்கர் ஆன்ஸ்டியும் ஆர்தர் எல்டனும் எடுத்தது, கால் மணி நேரப் படம். லண்டனின் கிழக்கில் ஸ்டெப்னி பகுதிச் சேரி வீடுகளுக்குள் விளக்கையும் ஒலிக்கருவியையும் கொண்டுபோய், அங்கே குடியிருப்பவர்களையே கேமராவைப் பார்த்துப் பேசவைத்தார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். ஆவணப்படம் என்றால் படித்த குரல் ஒன்று மேலிருந்து விளக்கும், ஏழைகள் கீழே வாய் பேசாமல் நடமாடுவார்கள். இங்கே அவர்களே விரிசல் விட்ட சுவரைக் காட்டுகிறார்கள், தங்கள் பேச்சுவழக்கிலேயே பேசுகிறார்கள்.

ஆனால் காசு கொடுத்தது பிரிட்டனின் எரிவாயுக் கம்பெனிகளின் சங்கம். சேரி போய்ப் புது அடுக்குமாடி வந்தால் அதில் காஸ் அடுப்பு வரும். அதனால் படத்தின் இரண்டாம் பாதியில் புதுக் குடியிருப்புகளின் மாதிரிகள், விளக்கும் குரல், புது வீட்டுக்குப் போய்ச் சந்தோஷப்படும் ஒருவர். பேசுகிறவர்கள் எல்லாரும் நிஜம். அவர்கள் வாயிலிருந்து வரவேண்டியது மட்டும் முன்கூட்டியே முடிவானது. வீட்டைப் பற்றித்தான் பேச விடுகிறார்கள். இவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள், எதில் கெட்டிக்காரர்கள் என்று கால் மணி நேரத்தில் கேள்வியே வரவில்லை. என் எக்செல் ஷீட்டின் தாத்தா இந்தப் படம்.

ஒரே ஒரு இடம் தப்பிக்கிறது. ஒரு பெண் வீட்டுக்குள் எலி வந்த கதையைச் சொல்கிறார். சொல்லச் சொல்ல அவருக்கே ருசி ஏறிவிடுகிறது. அந்த ஒரு நிமிடம் அவர் பாவப்பட்ட குடியிருப்பவர் இல்லை, நல்ல கதைசொல்லி. திட்டத்தில் இருந்தது எலி மட்டும். ருசி அவர் கொண்டுவந்தது.

இரண்டாவது பெர்ட் ஹான்ஸ்ட்ராவின் ‘கிளாஸ்’, 1958, நெதர்லாந்து. பத்துப் பதினொரு நிமிடம்தான். லேர்டாம் கண்ணாடி ஆலையில் கம்பெனிக்காக ஒரு விளம்பரப் படம் எடுக்கப் போனவர், அதே ஆலையில் தன் விருப்பப்படி எடுத்த இன்னொரு படம் இது. சிறந்த குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. இதில் பேட்டி இல்லை, விளக்கவுரை இல்லை. ஜாஸ் இசை ஓட, குழாயில் ஊதுகிறவர்களின் கன்னம் உப்புகிறது, விரல்கள் குழாயை உருட்டுகின்றன, கண்ணாடிக் குமிழ் பெரிதாகிறது. நான் இதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன், எடிட்டிங் பாடத்துக்கு இதைவிட நல்ல புத்தகம் கிடையாது. வெட்டு விழும் இடத்தைக் கவனியுங்கள்: கையசைவு முடியும்வரை காத்திருந்துதான் பெரும்பாலும் வெட்டுகிறார். வேலையின் தாளம் படத்தின் தாளமாகிவிடுகிறது.

பிறகு இயந்திரப் பகுதி. தானியங்கி இயந்திரம் பாட்டில்களை எடுத்து எடுத்து வைக்கிறது. ஒரு பாட்டில் உடைந்து கழுத்து மட்டும் பிடியில் மாட்டிக்கொள்கிறது. இயந்திரத்துக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு வேலை செய்ய, அடுத்தடுத்த பாட்டில்கள் விழுந்து நொறுங்குகின்றன. கடைசியில் ஒரு மனிதக் கை வந்து சரிசெய்கிறது. ஒரு வார்த்தை இல்லாமல், மனிதன் எதற்கு வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. பக்க வாட்டில் ஒரு நேர்மையான குறிப்பு: லாக் பார்க்காமல் ஓடவிட்ட ஸ்கிரிப்ட் ஒன்று ராத்திரி முழுக்க இதே வேலையைச் செய்த அனுபவம் எனக்கு உண்டு.

இவ்வளவு பிடித்த படம்தான், இந்தத் தடவை ஒன்று உறுத்தியது. அந்த மனிதர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. உலை வெப்பத்தைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி, வீட்டைப் பற்றி எதுவும் இல்லை. ஸ்டெப்னிக்காரர்களுக்குக் குரல் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. லேர்டாம்காரர்களுக்கு வேலை கிடைத்தது, குரல் இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஹான்ஸ்ட்ரா யாரையும் பரிதாபமாகக் காட்டவில்லை என்பது எனக்கு இப்போது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அண்ணனிடம் திரும்பப் போனேன். இந்தத் தடவை ஷீட்டில் கேள்வி இல்லை, நேரம் மட்டும். கொட்டாங்கச்சிக் கரி பற்றவைக்கும் நேரம், வெயில் மரத்தைத் தாண்டி வண்டிமேல் விழும் நேரம், ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும் நேரம். மைக்கை அவர் சட்டையில் குத்தாமல் வண்டிக்குக் கீழே கட்டினேன். தண்ணீர் தெளித்ததும் பெட்டி எழுப்பும் சத்தம் அங்கேதான் நன்றாகக் கிடைக்கிறது. ரெண்டு நாள் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவராகவே சொன்னார், எந்தத் துணியிலும் அடையாளம் போடுவதில்லையாம், சட்டையைப் பார்த்ததும் எந்த வீடு என்று தெரிந்துவிடுமாம். “ஒரு துணி மாறினது கிடையாது சார். இதை நீங்க கேக்கவே இல்லையே.”

அதே நாள் சாயங்காலம் என் பாட்டில் உடைந்தது. அதாவது, வெள்ளைச் சட்டை ஒன்றின் காலரில் பெட்டி ஒரு நொடி கூடுதலாக நின்றுவிட்டது. லேசான பழுப்பு. அவர் சட்டென்று பெட்டியைத் தூக்கி, சுற்றிப் பார்த்து, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். முகம், கை, துணி எல்லாம் ஒரே ஃபிரேமில், ஃபோகஸ் தவறாமல். நான் எடுத்ததிலேயே உருப்படியான ஷாட் அதுதான்.

எடிட் செய்து காட்டினேன். இந்தத் தடவை ரெண்டு பேரும் ரெண்டு முறை பார்த்தார்கள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவர் மட்டும் போனைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டார்.

“எல்லாம் சரி சார். அந்தக் காலர் மட்டும் வேணாமே. அது யார் சட்டைன்னு அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும்.”

எடுத்துவிட்டேன். படம் இப்போது 4 நிமிடம் 50 வினாடி.