டெண்டர் எழுதியவரே அதற்கு உரையும் எழுதலாமா?

பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவகத்தையும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளையும் நடத்த டெண்டர் கோரினார்கள். ‘பதிவுபெற்ற இரண்டாம் வகுப்பு ஓட்டல்காரராக, குறைந்தது 5 ஆண்டு அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும்’ என்றது அறிவிப்பு. வகுப்பு என்பது ஓட்டலுக்கா, ஓட்டல்காரருக்கா? அறிவிப்பை எழுதியவர்கள் அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. கடைசியில் கேன்டீன் நடத்திய அனுபவம் உள்ள ஒருவருக்கு உரிமம் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் 1979இல் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, தான் விதித்த தகுதி வரம்புக்கு அரசும் கட்டுப்பட்டதே என்று சொன்னது. வழக்குத் தொடுத்தவருக்கு மட்டும் நிவாரணம் கிடைக்கவில்லை. அவர் தாமதமாக வந்தார், அவருக்கு உண்மையான பாதிப்பும் இல்லை என்று நீதிமன்றம் கருதியது.

அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வரம்பைத் தளர்த்தப்போகிறார்கள் என்று தெரிந்திருந்தால் வேறு பலரும் போட்டிக்கு வந்திருப்பார்களே என்று நீதிமன்றம் கேட்டது. நிபந்தனையை எழுத்துப்படி நம்பி, ‘நமக்குத் தகுதி இல்லை’ என்று விலகிப்போனவர் எந்தக் கோப்பிலும் வருவதில்லை. குழப்பமான அறிவிப்பு முதலில் கெடுப்பது அவரைத்தான். பின்னால் வந்த தீர்ப்புகள் பலவும் இவரை மறந்துவிட்டன என்பதே என் குறை.

தகுதி வரம்பாவது பெரிய விஷயம். நடைமுறையில் ஒப்பந்தப்புள்ளிகள் செத்துப்போவது சமர்ப்பிக்கும் முறையில்தான். பழைய டெண்டர் ஆவணத்தை எடுத்து, தேதியையும் தொகையையும் மாற்றி, புதிய டெண்டராக வெளியிடுவது அலுவலக வழக்கம். ஓரிடத்தில் ஸ்கேன் செய்த நகலை ஏற்றினால் போதும் என்றிருக்கும். முப்பது பக்கம் தள்ளி, காகிதக் கவர் காலத்தில் எழுதிய வரி ஒன்று, மூலப் பத்திரம் அலுவலகத்துக்கு வந்துசேர வேண்டும் என்று அப்படியே நிற்கும். இரண்டில் எது செல்லும் என்பது தொழில்நுட்பக் கவர் திறக்கும் அன்றுதான் காண்ட்ராக்டருக்குத் தெரியும்.

இதற்கு நீதிமன்றங்கள் சொன்ன பதில் ஒரே திசையில் போகவில்லை. 1991இல் போடார் ஸ்டீல் வழக்கு. வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலையின் டெண்டரில் முன்வைப்புத் தொகையைப் பணமாகவோ ஸ்டேட் பாங்க் டிமாண்ட் டிராஃப்டாகவோ செலுத்தச் சொல்லியிருந்தார்கள். அந்த நிறுவனம் யூனியன் பாங்க் காசோலையைக் கொடுத்தது. வங்கியே பொறுப்பேற்ற காசோலை, பணமில்லை என்று திரும்ப வழியில்லை. உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளை இரண்டாகப் பிரித்தது: உயிரானவை, துணையானவை. துணையான நிபந்தனையில் எழுத்துப் பிசகைப் பொருட்படுத்தாமல் விட அரசுக்கு உரிமை உண்டு என்றது. நல்ல தீர்ப்பு. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ஜி.ஜே. ஃபெர்னாண்டஸ் வழக்கு, தளர்த்தினால் எல்லோருக்கும் ஒன்றுபோலத் தளர்த்த வேண்டும் என்ற அளவுகோலைத் தந்திருந்தது.

எதிர்ப்பக்கத்தில் வலுவான வாதம் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் புருலியா நீரேற்று மின் திட்ட டெண்டரில் ஒரு குழுமம், கணினிப் பிழையால் அலகு விலைகள் தவறாகப் பதிவாகிவிட்டன, திருத்த அனுமதியுங்கள் என்று கேட்டது. கல்கத்தா உயர் நீதிமன்றம் இரங்கியது, உச்ச நீதிமன்றம் 2001இல் மறுத்தது. ஒருவருக்குக் காட்டும் இரக்கம் அடுத்தவருக்குச் செய்யும் துரோகமாகலாம், சலுகைக்கும் ஊழலுக்கும் இடைவெளி குறைவு. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே பிழை ஏலதாரருடையது. விதியில் தெளிவின்மை இல்லை.

2016இல்தான் திசை மாறியது. நாக்பூர் மெட்ரோ டெண்டரைப் பற்றிய ஆஃப்கான்ஸ் வழக்கில், ஆவணத்தை எழுதியவரே அதன் பொருளை நன்கு அறிந்தவர், கெட்ட எண்ணமோ அறவே பொருந்தாத விளக்கமோ இல்லாவிட்டால் அவர் சொல்லும் பொருளை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்றார்கள். அதே ஆண்டில் சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கு: வங்கி உத்தரவாதம் குறித்த படிவத்தில் இல்லை என்று ஒப்பந்தப்புள்ளி தள்ளப்பட்டது, ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் காப்பாற்றியது, உச்ச நீதிமன்றம் தள்ளியதே சரி என்றது. எந்த நிபந்தனை உயிரானது என்பதையும் டெண்டர் கோரியவரே முடிவு செய்யலாம் என்றும் சொல்லிவிட்டது. போடார் ஸ்டீல் திறந்துவைத்த கதவின் சாவி இப்படி அலுவலகத்தின் கைக்கே போனது.

2022இல் அக்மாட்டெல் வழக்கு இதை இன்னும் இறுக்கியது. நவோதயா பள்ளிகளுக்கு டேப்லட் வாங்கும் டெண்டர். ‘அதே அல்லது அதையொத்த வகைப் பொருள்’ வழங்கிய அனுபவம் வேண்டும். ஸ்மார்ட்ஃபோன் டேப்லட்டை ஒத்ததா? இல்லை என்றது நவோதயா, ஆம் என்றது டெல்லி உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் நவோதயாவின் பக்கம் நின்றது. ஐயம் இருந்தால் ஆவணத்தை எழுதியவருக்கு எதிராகப் பொருள்கொள்ள வேண்டும் என்ற பழைய ஒப்பந்தச் சட்ட விதி டெண்டருக்குப் பொருந்தாது என்றும் கூறியது.

இதில் பாதியை ஏற்கிறேன். சாதாரண ஒப்பந்தத்தில் இரண்டே பேர், ஐயத்தின் பலனை எதிராளிக்குக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. டெண்டரில் மூன்றாவது ஆள், நான்காவது ஆள் இருக்கிறார்கள். ஒருவருக்குச் சாதகமாகப் படித்தால் விதியைச் சரியாகப் புரிந்துகொண்ட இன்னொருவர் தோற்பார். ஆனால் ஏலதாரருக்குச் சாதகமாகப் படிக்கக் கூடாது என்பதிலிருந்து, அலுவலகத்துக்குச் சாதகமாகப் படிக்க வேண்டும் என்பது எப்படி வரும்? எந்த மாதிரி சுரங்கப்பாதை வேண்டும், எந்தக் கருவி வேண்டும் என்பதில் துறையின் அறிவுக்கு மதிப்புக் கொடுப்பது நியாயம். நோட்டரி முத்திரை எந்தப் பக்கத்தில், கையெழுத்து எல்லாப் பக்கத்திலுமா கடைசிப் பக்கத்தில் மட்டுமா என்பதில் எந்தத் துறைக்கும் தனி ஞானம் கிடையாது. கவர் திறந்து, யாருடையது என்று தெரிந்த பிறகு சொல்லப்படும் பொருளுக்கு ‘ஆசிரியரின் கருத்து’ என்று மரியாதை தருவது ஆபத்தும்கூட.

அமெரிக்காவில் வேறு வழி பார்க்கலாம். அல்காட்ராஸ் தீவுக்குப் படகு விடும் ஒப்பந்தத்தில் தோற்ற ப்ளூ அண்டு கோல்டு ஃப்ளீட் நிறுவனத்திடம் 2007இல் நீதிமன்றம் சொன்னது: குறை வெளிப்படையாகத் தெரிந்ததென்றால் கெடு முடிவதற்குள் கேட்டிருக்க வேண்டும், தோற்ற பிறகு கேட்க முடியாது. கடுமையான விதி. ஆனால் அந்த நாட்டில் கெடுவுக்கு முன்பே முறையிட ஓர் இடம் இருக்கிறது, அரசின் கணக்காய்வு அலுவலகம் 100 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேட்கும் கடமையும் கேட்க ஓர் இடமும் சேர்ந்தே இருக்கின்றன.

நம்மிடம் முதல் பாதிதான் உண்டு. கெடுவுக்கு முன் நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்தில் கேட்டிருக்கலாமே என்று நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் சொல்வார், கேட்டவருக்கு ‘டெண்டர் ஆவணத்தைப் பார்க்கவும்’ என்று பதில் வந்திருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. பொருளின் தன்மையிலும் தகுதியிலும் 2016க்குப் பிந்தைய கோட்பாடு நிற்கலாம். சமர்ப்பிக்கும் முறையில் அது நிற்கக் கூடாது. அங்கே இரண்டே கேள்விகள் போதும்: கவனமான ஏலதாரர் அந்த வரியை எப்படிப் படித்திருப்பார்? குறை வெளிப்படையானதென்றால் அவர் எழுத்தில் கேட்டாரா, தெளிவான பதில் வந்ததா? கேட்டும் பதில் வராத இடத்தில் ஒப்பந்தப்புள்ளியைத் தள்ளக் கூடாது. இரண்டு பொருளுக்கும் சம வாய்ப்பு இருந்தால், திருத்த அறிவிப்போடு மறு டெண்டர்தான் நேர்மை. தாமதமாகும், செலவாகும். விலகிப்போன அந்த முகம் தெரியாதவருக்கும் வாய்ப்புக் கிடைப்பது அதில் மட்டும்தான்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது. அதன் 11ஆம் பிரிவு, ஏற்பு ஆணை வந்து 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய வழி தருகிறது. அதுவும் ஒப்பந்தப்புள்ளி கொடுத்தவருக்கு மட்டும். கெடு முடிவதற்கு முன்பே, ஒப்பந்தப்புள்ளி கொடுக்காதவரும், ஆவணத்தின் வாசகத்தை எதிர்த்து முறையிட அந்தப் பிரிவில் சட்டமன்றம் இடம் சேர்க்க வேண்டும்.