பிரிக்க முடிகிற ஒட்டு

பக்கம் கிழிந்தால் கை முதலில் தேடுவது செலோடேப்பைத்தான். பன்னிரண்டு வயதில் அப்பாவின் அகராதியை நானும் அப்படித்தான் ஒட்டினேன். இருபது வருடத்தில் பிளாஸ்டிக் தானாகக் கழன்றது. பசை மட்டும் தாளுக்குள் இறங்கி, எண்ணெய்க் கறைபோலப் பழுப்பேறி, அடுத்த பக்கம்வரை ஊறியிருந்தது. சாக்கடல் சுருள்களுக்கே இந்தக் கதி நேர்ந்தது. 1950களில் எருசலேமில் அறிஞர்கள் துண்டுகளை ஒட்டுநாடாவால் இணைத்தார்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு தாங்கிய தோலிலிருந்து அந்தப் பசையை எடுப்பது பின்வந்தவர்களுக்குப் பல்லாண்டு வேலையாயிற்று.

அதற்காக, வீட்டில் புத்தகத்தைத் தொடவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பு சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. எல்லார் வீட்டு அலமாரிக்கும் அந்தப் பேறு கிடைக்காது. நாம் பார்க்காவிட்டால் அது எடைக்குத்தான் போகும்.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: போட்ட ஒட்டைப் பிறகு பிரிக்க முடியுமா? மரவேலைக்கான வெள்ளைப் பசை இதில் தோற்கிறது. காய்ந்தபின் அது விடாது; இழுத்தால் தாள்தான் கிழியும். நம் மைதாப் பசை ஈரம் பட்டால் இளகும். அதன் குறை, இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து என்பது. பூச்சிக்குப் பயந்து பைண்டிங் செய்பவர்கள் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி வராது, உண்மை. ஆனால் அதிலுள்ள தாமிரம் தாளின் நாரையே மெல்லச் சிதைக்கும். துத்தம் நஞ்சும்கூட.

இதற்கு வழி அடுக்களையிலேயே இருக்கிறது. மைதாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவி, அல்வாவுக்குப் பால் எடுப்பதுபோல் எடுத்து, அடியில் படியும் மாவை மட்டும் காய்ச்சினால் போதும். பழுதுநீக்கும் கூடங்களிலும் கோதுமை மாச்சத்துப் பசைதான். ஒட்டும் தாள் மெல்லிய கைத்தாளாக இருக்கட்டும். கத்தரியால் வெட்டாமல் ஈரக்கோடு போட்டுக் கையால் கிழித்தால், ஓரத்து நார்கள் பக்கத்தோடு படியும். பசை குறைவாகவே வேண்டும். ஒட்டு தாளைவிடப் பலவீனமாக இருப்பதே நல்லது. இழுபட்டால் ஒட்டு விட வேண்டும், பக்கம் கிழியக் கூடாது. இந்த முறைக்கும் எல்லை உண்டு. கரையும் மையில் எழுதிய பக்கத்தில் ஈரம் ஆகாது. வழவழப்பான படத்தாள்கள் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

வீட்டு வேலையைவிட அதிகக் கேட்டைக் கடை பைண்டிங்கில் கண்டிருக்கிறேன். மடித்த தாள்தொகுதிகளை, பாரம் பாரமாக, கோத்துத் தைக்க நேரமாகும் என்று பக்கவாட்டில் குத்துத் தையல் போடுகிறார்கள். பிறகு புத்தகம் முழுதாக விரியாது. மூன்று ஓரமும் கட்டிங் வேறு. அப்பா பென்சிலில் எழுதிய ஓரக்குறிப்புகள் ஒரு நாவலில் எனக்கு அப்படித்தான் போயின. கட்டு உறுதியாகத்தான் இருந்தது.

மடித்தால் முறிகிற மலிவுத் தாளில் எந்த ஒட்டும் நிற்காது. ஒட்டின் ஓரத்திலேயே அடுத்த முறிவு வரும். அகராதியை நான் இப்போது ஒட்டவில்லை. உதிர்ந்த தாள்களை வரிசைப்படி வைத்து, வெள்ளைத் தாளில் பொதிந்து, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டியிருக்கிறேன். சொல் தேடும்போது முடிச்சை அவிழ்க்கிறேன்.