குடமும் குதிரையும்

நம்முடைய நாவல்களிலும் தொடர்கதைகளிலும் வீணைக்குக் குறைவே கிடையாது. வெள்ளிக்கிழமை மாலையில் கதாநாயகி தலைக்குக் குளித்து, கூந்தல் நுனியில் முடிச்சிட்டு, கூடத்தில் வந்து உட்கார்ந்து வீணையை எடுக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே நிலா தயாராகக் காத்திருக்கிறது. விரல் தந்தியில் பட்டதுதான் தாமதம், நாத வெள்ளம் பெருகி ஓடுகிறது. கதாநாயகன் வாசற்படியில் மெய்ம்மறந்து நின்றுவிடுகிறான். எல்லாம் சரிதான். ஆனால் அந்த வீணைக்குக் கடைசியாக மேளம் கட்டியது யார், எந்த வருஷத்தில்? கதை நடப்பதோ சித்திரை மாதம். மெழுகு இளகி மெட்டுகள் சாய்ந்திருக்குமே, அந்தப் பெண் எப்படி வாசித்தாள்? இதை எந்த ஆசிரியரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இதைக் கேட்பது நாவலாசிரியன் வேலையா, வீணை செய்கிற ஆசாரியின் வேலையா என்று வாசகர்கள் என்னைக் கேட்கலாம். கதையில் ஒரு மாட்டுவண்டி வந்தால், அச்சாணி எங்கே இருக்கிறது என்று எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. எழுத வேண்டும் என்பதில்லை, தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எழுதினால் வீணையும் நாற்காலி, மேஜை, சுவர்க் கடிகாரம் ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு தட்டுமுட்டுச் சாமானாகிவிடுகிறது.

இந்த விஷயத்தில் பழைய புலவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். பொருநராற்றுப்படையில் முடத்தாமக் கண்ணியார் யாழை நமக்கு அறிமுகம் செய்யும்போது இசையில் தொடங்கவில்லை, பத்தலில் தொடங்குகிறார். பத்தல் என்பது யாழின் அடிப்பாகத்தில் குடைந்த மரம். நரம்பின் ஒலியை வாங்கிப் பெருக்கித் தருவது அதுதான். குளம்பு பதிந்த தடம் போன்றது அந்தப் பத்தல் என்கிறார். அதன்மேல் போர்த்த தோலைப் பார்த்ததும் இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிறு அவருக்கு ஞாபகம் வருகிறது. துளைகளை அடைத்த ஆணிகளுக்கு வளைக்குள் இருக்கும் நண்டின் கண்கள் உவமை. இவ்வளவும் சொன்ன பிறகுதான் இசைக்கு வருகிறார். சுவாமி விபுலானந்தர் கணக்குப் போட்டு யாழின் அமைப்பை மீட்க முயன்று, 1947-இல் ‘யாழ் நூ’லை வெளியிட்டாரே, அவருக்குக் கைகொடுத்தவை இப்படிப்பட்ட பழைய வரிகள்தாம். நம்முடைய வீணை ஒருநாள் மறைந்துபோய், யாரோ ஒரு விபுலானந்தர் நம் நாவல்களை வைத்துக்கொண்டு அதைத் திரும்பச் செய்ய முற்பட்டால் என்ன கிடைக்கும்? நிலாவும் கூந்தலும் கிடைக்கும்.

விதிவிலக்கு உண்டு. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் சுருதி என்பது அலங்காரமல்ல. கும்பகோணத்து ரங்கண்ணாவின் வீட்டில் தம்புராவுக்குக் கிட்டத்தட்ட ஒரு பாத்திரத்தின் அந்தஸ்து இருக்கிறது. அதைப் படித்தவர்களுக்கு நான் சொல்லவருவது சுலபமாக விளங்கும்.

தஞ்சாவூர் வீணையைப் பலா மரத்தில் செய்கிறார்கள். பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு மதிப்பு அதிகம். குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் ஏகாண்ட வீணை; தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. பெண்ணுக்கு வீணை வாங்கப் போகிற தகப்பனார் முதலில் கேட்கிற கேள்வி, ‘ஏகாண்டமா?’ என்பது. அடுத்தபடியாக யாளியின் முகத்தையும் குடத்தின் செதுக்கு வேலையையும் பார்க்கிறார். (அந்த நாளில் தந்தம் பதித்ததா என்றும் பார்ப்பார்கள், தந்தத்துக்குத் தடை வந்தபின் அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் வந்துவிட்டது.) இடது பக்கம் தொங்கும் சுரைக்குடுக்கையைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டுகிறவர்களும் உண்டு. அது இப்போது பெரும்பாலும் காகிதக் கூழில் செய்தது. தொடைமேல் வீணை நிற்க அது ஒரு முட்டுக் கொடுப்பதைத் தவிர நாதத்துக்குச் செய்யும் உபகாரம் சொற்பம்.

யாரும் குனிந்து பார்க்காத இடம் குதிரை.

ஒரு தந்தி தன்னந்தனியாக அதிர்ந்தால் காற்று அதைப் பொருட்படுத்தாது. மெல்லிய கம்பி, காற்றைக் கிழித்துக்கொண்டு போய்வரும், அவ்வளவுதான். அகலமான ஒரு பலகையை அது அசைக்க வேண்டும். அந்தப் பலகை காற்றை அசைக்க வேண்டும். அப்போதுதான் எதிரே இருப்பவன் காதில் விழும். தந்திக்கும் குடத்துக்கும் நடுவே தூது போவது குதிரை. குடத்தின் மேல்பலகையில் நிற்கும் சிறு மரப் பாலம் அது. அதன் தலையில் அரக்கு வைத்துப் பதித்த ஓர் உலோகத் தகடு. தகடு தட்டையாகத் தோன்றும். உண்மையில் அது மிக லேசாக வளைந்திருக்கிறது. தந்தி அதன்மேல் ஒரே புள்ளியில் உட்காராமல், அதிரும்போது தகட்டைத் தொட்டும் விட்டும், படிந்தும் எழுந்தும் போகிறது. வளைவு கொஞ்சம் கூடினால் கரகரக்கும். கொஞ்சம் குறைந்தால் செத்த ஒலியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள மயிரிழையில்தான் வீணையின் குரல் இருக்கிறது.

ஸர் சி. வி. ராமன் இந்தத் தகட்டைப் பற்றி 1921-இல் எழுதினார். நோபல் பரிசு வருவதற்கு ஒன்பது வருஷங்களுக்கு முன்பு. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்று நிற்க வேண்டிய மேல் ஸ்வரங்கள் ஒலியில் வரக்கூடாது என்பது தாமஸ் யங் வகுத்த விதி. மேனாட்டுக் கருவிகள் அதற்கு அடங்கி நடக்கின்றன. வீணையும் தம்புராவும் அடங்குவதில்லை. தம்புராவில் ஜீவா என்ற பருத்தி நூல் செய்கிற வேலையை வீணையில் தகட்டின் வளைவே செய்துவிடுகிறது என்று ராமன் காட்டினார். வீட்டில் வீணை இருப்பவர்கள் பரீட்சித்துப் பார்க்கலாம். சாரணித் தந்தியின் சரிபாதியில் விரலை வைத்து மீட்டுங்கள். விதிப்படி மேல் ஸ்தாயி ஷட்ஜம் ஒலியில் இருக்கக் கூடாது. காதைக் கொடுத்துக் கேட்டால் இருக்கும். அதைக் கொண்டுவந்து சேர்த்தது அரத்தை வைத்துத் தகட்டைத் தேய்த்த ஒரு மனிதனின் கை.

மேளம் கட்டுவது இதற்கடுத்த சமாசாரம். தண்டியின் இரு ஓரத்திலும் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த கறுப்பு மெழுகை வரப்பு மாதிரி கட்டி, அதில் 24 வெண்கல மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயி. அளவுகோல் உதவாது, காதுதான் அளவுகோல். ஒரு மெட்டு பக்கத்து மெட்டைவிட இம்மி உயர்ந்தால் தந்தி அதில் இடிக்கும். அத்துடன் வேலை முடியவில்லை. நம் சங்கீதத்தில் ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று ஸ்வரம் மேலே போய்வர வேண்டும். அவ்வளவு இழுத்தாலும் தந்தி அடுத்த மெட்டில் உரசக் கூடாது. வித்வான் கமகத்துக்குத் தலையாட்டுகிற சபை, அதற்கு இடம் வைத்துக் கொடுத்தவனை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. மெழுகோ சாசுவதமல்ல. வெயிலில் இளகும், வருஷங்களில் இறுகி உதிரும். மறுபடி அவன் வர வேண்டும்.

நான் சொல்லிக்கொண்டிருப்பது தஞ்சாவூர்ப் பெருமை மட்டுமல்ல. சங்கரன்கோவில் பக்கத்தில் குருவிகுளம் வட்டாரம் முழுக்கக் கரிசல் பூமி. இங்கே வீணை அபூர்வம். பருத்திக் காட்டைத் தாண்டிக் கேட்கிற கருவிதான் இங்கே செல்லுபடியாகும். கோவில்பட்டியில் குடியிருந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கொண்டாடிய சீமை இது. ஆனால் நரம்புக்குக் குடம் கொடுக்கிற ரகசியம் இந்த மண்ணுக்கும் தெரியும். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது மேடைக்கு முன்னால் போய் உட்கார்ந்து பாருங்கள். நீண்ட வில், அதில் இழுத்துக் கட்டிய தோல் நாண், மணிகள். அந்த வில்லின் நடுப்பாகத்தை ஒரு மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். குடம் தரையில் உட்காருவதில்லை, புரிமணைமேல் உட்காருகிறது. தரையில் அழுந்தினால் ஒலி அடங்கிவிடும். அண்ணாவி வீசுகோலால் நாணைத் தட்ட, குடக்காரர் மட்டையால் குடத்தின் வாயில் அறைகிறார். பாட்டு ஆரம்பிக்குமுன் அவர்கள் கட்டை அவிழ்த்து அவிழ்த்துத் திரும்பக் கட்டுவதைக் கூட்டம் பொறுமையில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும். தஞ்சாவூரில் அரத்தால் செய்வதை இவர்கள் கயிற்றால் செய்கிறார்கள். சுடலைமாடன் கதையின் உக்கிரத்தில் பாதி அந்த முடிச்சில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

வேடிக்கை என்னவென்றால், ‘தில்லானா மோகனாம்பாள்’ எழுதிய கொத்தமங்கலம் சுப்பு, காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாகப் பாடியவர். குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய ஒரு நாவலாசிரியர் நமக்கு இருந்தார். அவரும் நாவலில் நாகஸ்வரத்தைத்தான் எடுத்துக்கொண்டார்! நெல்லைச் சீமையில் பிறந்த சுப்பு ஆறுமுகம் 2022-இல் காலமாகும்வரை வில்லைக் கைவிடவில்லை. குடத்துக்கு முன்னால் ஒலிபெருக்கி வந்து நின்றதையும் அவர் காலம் பார்த்துவிட்டது.

ஒலிபெருக்கி வந்த பிறகு குடம் எதற்கு என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை நல்ல பதில்.

மேடையில் கித்தார் வாசித்த ஜார்ஜ் பீச்சம் என்பவருக்கு ஒரு குறை. பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே தம்முடைய கித்தார் யார் காதிலும் விழவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் வாத்தியம் செய்துகொண்டிருந்த ஜான் டோபியேராவிடம் போனார். டோபியேரா ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து குடியேறியவர். அவர் கித்தாரின் வயிற்றில் காகிதம்போல மெல்லிய மூன்று அலுமினியக் கூம்புகளை வைத்தார். உடலையே உலோகத்தில் செய்தார். 1927-இல் ‘நேஷனல்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பிறகு கூட்டாளிகளுக்குள் மனஸ்தாபம். டோபியேரா சகோதரர்கள் தனியே போய், ஒற்றைக் கூம்பைக் கிண்ணம்போல் மல்லாத்தி, அதன்மேல் சிலந்திக் கால்போல் கால்கள் விரித்த ஓர் உலோகக் குதிரையை நிறுத்தினார்கள். அதற்கு ‘டோப்ரோ’ என்று பெயர். தங்கள் குலப்பெயரின் சுருக்கமும் ஆயிற்று. ஸ்லோவாக்கிய மொழியில் ‘நல்லது’ என்ற அர்த்தமும் ஆயிற்று.

அந்தக் கித்தாரைக் கையால் செய்து பூட்டுகிறவர்களின் தொல்லைகள் நம் வீணை ஆசாரிக்குச் சொன்னால் உடனே புரியும். கூம்பின் விளிம்பு மரப்படியில் சுற்றிலும் ஒரே சீராகப் படிய வேண்டும். ஓரிடத்தில் மணலளவு மேடு இருந்தாலும் தகரம் அதிர்வதுபோல் இரையும். தந்திகள் குதிரையை அழுத்தும் பளு குறைந்தால் கூம்பு கடகடக்கும். மிஞ்சினால் அமுங்கி உட்கார்ந்துவிடும், பிறகு வேறு கூம்புதான். சிலந்தியின் நடுவே ஒரு திருகு. கால் சுற்றுக் கூட்டிக் குறைப்பதில் குரல் மாறிப்போகும். செலவெல்லாம் உலோகத்துக்கும் மெருகுக்கும். குரலெல்லாம் அந்தக் கால் சுற்றில்.

இதே பீச்சம் 1931-இல் மின்சாரக் கித்தார் உருவாகவும் முக்கிய காரணமாக இருந்தார். அதாவது, கூம்பைக் கேட்டு வாங்கியவரே நாலைந்து வருஷத்தில் கூம்பை அநாவசியமாக்கிவிட்டார்! அத்துடன் கூம்புக் கித்தார் ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. பெரிய சத்தம் வேண்டுமென்று செய்தது, சத்தத்துக்குத் தேவையில்லாமல் போன பிறகும் அதற்கென்று ஒரு குரல் இருந்ததால் பிழைத்தது. அந்தக் குரல் வேண்டும் என்பவர்கள் இன்றும் அதைக் கையால் செய்து, கூம்பு பொருத்தி, திருகைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் சத்தத்தை அறவே மறுத்த ஒருவர் உண்டு. வீணை தனம்மாள் 1938-இல் காலமானார். சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிக்கும்போது, வந்தவர்கள் இருமக்கூட அஞ்சி உட்கார்ந்திருப்பார்கள் என்பது பிரசித்தம். அந்த மௌனத்தைக் கேட்டு வாங்கியது தனம்மாளின் கீர்த்தி மட்டுமல்ல, வீணையின் பலகையும் தகடும் தரக்கூடிய ஒலியின் அளவும்தான் என்று நினைக்கிறேன். கதாநாயகி வெள்ளிக்கிழமை வாசிக்கிற வழக்கம் ஒருவேளை அங்கிருந்துதான் நம் தொடர்கதைகளுக்கு வந்ததோ என்னவோ. வெள்ளிக்கிழமை வந்தது, மௌனம் வரவில்லை.

பின்னால் வித்வான்கள் பலர் குதிரைக்கருகே ‘காண்டாக்ட் மைக்’கை ஒட்டிக்கொண்டார்கள். அதைப் பாவம் என்று சொல்ல நான் தயாரில்லை. ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்தில் பின் வரிசைக்காரனும் டிக்கெட் வாங்கியிருக்கிறான். ஆனால் மைக் நல்லதை மட்டும் பெருக்குவதில்லை. தகட்டின் கோணல், மெட்டின் இடிப்பு, பழைய மெழுகின் தளர்ச்சி எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்குகிறது. குடமே இல்லாத மின்சார வீணையும் வந்துவிட்டது, பிரயாணத்துக்கு வசதி. அதில் நான் கேட்ட ஒலி சுத்தமாகத்தான் இருந்தது. நண்டின் கண் மட்டும் இல்லை.

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்தது. சந்தோஷம். அதையொட்டிப் பத்திரிகைகளில் வந்தவற்றுள் நான் படித்தவை ஏகாண்டத்தையும் யாளியையும் நுணுக்கச் செதுக்கலையும் புகழ்ந்தன. மெழுகுக்கு ஒரு வாக்கியம் கிடைத்தால் அதிகம். மத்தியதர வீடுகளில், கல்யாணத்துக்கு முன் பெண் கற்றுக்கொண்ட வீணை உறை போட்டு அலமாரிக்கு மேலே படுத்திருக்கிறது. அந்த வீணைக்கு ஒரு குறையும் இல்லை, மேளம் சரிந்திருக்கிறது, அவ்வளவுதான். கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், கூப்பிடுகிறவர்கள் அதைவிடக் குறைந்துவிட்டார்கள்.

எனக்குப் படிக்க ஆசையான கதை ஒன்று உண்டு. எழுதுகிறவர் யாராயிருந்தாலும் சரி. இருபது வருஷம் மூடிக்கிடந்த வீணைக்கு மேளம் கட்ட ஒருவர் வீட்டுக்கு வருகிறார். கூடத்தில் பாய் விரித்து, அடுப்பில் மெழுகை உருக்குகிறார். குங்கிலிய வாசனை சமையலறை வரைக்கும் போகிறது. ஒவ்வொரு மெட்டாக வைத்து, சாரணியை மீட்டி, அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கிறார். அவளுக்கு ஸ்வரம் தப்பு என்று தெரிகிறது, சொல்லக் கூச்சமாயிருக்கிறது. சாய்வு நாற்காலியில் கணவர் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார். 24 மெட்டும் பதித்தாயிற்று. மெழுகு ஆறும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் காப்பி குடிக்கப் போகிறார்.